ஸ்வான் லேக் யார் வீட்டு சொத்து?

டிஸ்கி: எழுதுபவன் பி.காம் மாணவன். பாலே ஆடத் தெரியாது. கால் நுனியில் ரெண்டு செகண்ட் நிற்கக்கூட வராது. பார்க்கத் தெரியும், படிக்கத் தெரியும், வரவு செலவு எழுதத் தெரியும். இந்தப் பதிவுக்கு அது போதும்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மேல் ரஷ்யா முழுப் படையெடுப்பு நடத்தியதிலிருந்து ரஷ்ய பாலே விஷயத்தில் ரெண்டு கட்சி உருவாகிவிட்டது. முதல் கட்சி சொல்வது: "அங்கிருந்து வரும் எல்லாவற்றையும் இழுத்து மூடு, சாய்கோவ்ஸ்கியும் வேண்டாம், ஸ்வான் லேக்கும் வேண்டாம்." இரண்டாவது கட்சி சொல்வது: "கலை வேறு, அரசியல் வேறு. பாலே ரஷ்ய ஆன்மாவின் வெளிப்பாடு, அதில் கை வைக்காதே." பார்த்தால் ஜென்ம விரோதிகள் மாதிரி இருக்கும். ஆனால் ரெண்டு பேரும் செய்வது ஒரே தப்பு. பாலேயை ரஷ்ய அரசாங்கத்தின் பெயரில் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் அதைக் காட்டி எரிக்கச் சொல்கிறார், இன்னொருத்தர் அதைக் காட்டிக் கும்பிடச் சொல்கிறார். அந்தப் பட்டாவே போலி என்பதுதான் என் கட்சி.

முதலில் "ரஷ்ய ஆன்மா" ஆசாமிகளைக் கவனிப்போம்.

1738-ல் பேரரசி அன்னாவின் அனுமதியோடு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனையில் ஒரு நடனப் பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் ழான்-பாப்திஸ்த் லாந்தே, பிரெஞ்சுக்காரர். சேர்ந்தவர்கள் 12 பையன்கள், 12 பெண்பிள்ளைகள். எல்லாம் அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள். இன்றைக்கு உலகமே வாய்பிளந்து பார்க்கும் வகானோவா அகாடமியின் முதல் வருஷ அட்மிஷன் அதுதான். வாத்தியார் வெளியூர், மாணவர்கள் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இதில் ஆன்மா எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது?

அதே நூற்றாண்டில் பெரிய பிரபுக்கள் தங்கள் பண்ணையடிமைகளை வைத்தே நாடகக் குழு, நடனக் குழு நடத்தினார்கள். ஷெரெமெத்தியெவ் பிரபு குடும்பம் தன் நடிகைகளுக்கு ரத்தினங்களின் பெயரை வைத்தது. பாடகி பிராஸ்கோவியாவுக்கு முத்து, நடனக்காரி தத்யானா ஷ்லிகோவாவுக்கு செம்மணி. கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டும் பொருளுக்கு வைக்கிற பெயர் அது. ஸோரிச் என்ற இன்னொரு பிரபு இறந்த பிறகு, அவருடைய அடிமை நடனக் குழுவை 1800-ல் பேரரசுத் தியேட்டர் நிர்வாகம் விலைக்கு வாங்கியது. மேஜை, நாற்காலி வாங்குவதுபோல மனிதர்களை வாங்கினார்கள். எங்கள் பாடப்புத்தகப்படி இது சொத்துக் கணக்கில் ஏறும். பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1861-ல்தான்.

சரி, பொற்காலத்துக்கு வருவோம். ரஷ்ய பாலேயின் பிதாமகன் மரியுஸ் பெதிபா பிறந்தது 1818-ல் மார்செய் நகரில். 1847-ல் பீட்டர்ஸ்பர்க் வந்தவர், அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தும் ரஷ்ய மொழி கடைசிவரை ஒழுங்காக வரவில்லை. 1877-ல் அவர் அமைத்த 'லா பயாதேர்' கதை நடப்பது இந்தியாவில். அதற்கு இசை அமைத்த மின்குஸ் வியன்னாவில் பிறந்தவர். 1890-ல் 'ஸ்லீப்பிங் பியூட்டி' மேடையேறியபோது இளவரசி அரோராவாக ஆடிய கார்லோத்தா பிரியான்சா இத்தாலிக்காரி.

நம்ம ஸ்வான் லேக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1877-ல் மாஸ்கோவில் முதலில் வந்தபோது பெரிய வரவேற்பு இல்லை. சாய்கோவ்ஸ்கி 1893-ல் இறந்துவிட்டார். இன்று உலகம் முழுக்க ஆடப்படுவதற்கு அடிப்படையான வடிவம் 1895-ல் பீட்டர்ஸ்பர்க்கில் வந்தது. அதில் ஒற்றைக் காலில் 32 முறை சுழன்று கூட்டத்தை எழவைத்த பியெரினா லெஞ்ஞானியும் இத்தாலிக்காரிதான். அந்த ஏரிக்கரைக் காட்சிகளை, அதாவது அன்னங்கள் வரும் உயிரான பகுதியை, அமைத்தவர் பெதிபாவின் கீழ் வேலை பார்த்த லெவ் இவானோவ். அவர் அசல் ரஷ்யர். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ரஷ்ய ஆன்மாவைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாட வேண்டிய ரஷ்யரையே கோட்டை விட்டுவிட்டார்கள் :-)

அப்படியானால் ரஷ்யாவில் ஒன்றுமே உருவாகவில்லையா என்று கேட்டால், உருவானது. உருவான இடம் அரண்மனையும் இல்லை, கிரெம்ளினும் இல்லை. வகுப்பறை. அக்ரிப்பினா வகானோவாவின் அப்பா மாரின்ஸ்கி தியேட்டரில் பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் ஊழியர். மேடையில் பெரிய நட்சத்திரமாக அவருக்கு வெகுநாள் இடம் கிடைக்கவில்லை. ஆனால் வாத்தியாராக அவர் செய்ததுதான் சாதனை. பிரெஞ்சு பாணியின் நளினத்தையும் இத்தாலிய பாணியின் பலத்தையும் பிரித்துப் பார்த்து, உரசிப் பார்த்து, ஒரே பாடத்திட்டமாக்கினார். 1934-ல் புத்தகமாகவும் வந்தது. அவர் வழியில் பயின்றவர்களின் வீடியோவைப் பாருங்கள். கை தோளில் தொடங்காது, முதுகிலிருந்து கிளம்பும். தலையும் கண்ணும் கையோடு சேர்ந்து போகும். காலில் நடக்கிற அவ்வளவு உழைப்பும் மேலே முகத்தில் தெரியாது. ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிர்வதில் தொடங்கும் தினசரிப் பயிற்சி, ஜார் போனாலும் ஸ்டாலின் போனாலும் நின்றதில்லை. ரஷ்ய பாலேயில் தொடர்ச்சி என்று ஒன்று உண்டென்றால் அந்தப் பயிற்சிதான்.

இப்போது "கலை வேறு, அரசியல் வேறு" வசனத்துக்கு வருவோம். இதைக் கேட்டால் முதலில் சிரிப்பவர்கள் ரஷ்ய ஆட்சியாளர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

1935-ல் ஷொஸ்தகோவிச் இசையில் 'தி பிரைட் ஸ்ட்ரீம்' என்ற பாலே வந்தது. கூட்டுப்பண்ணையில் நடக்கும் ஜாலியான கதை. 1936 பிப்ரவரியில் பிராவ்தா பத்திரிகை அதைக் கிழித்துத் தலையங்கம் போட்டது. நடனம் அமைத்த லோபுகோவ் போல்ஷாயில் பதவி இழந்தார். அவரோடு சேர்ந்து கதை எழுதிய பியோத்ரோவ்ஸ்கி 1937-ல் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு காமெடி பாலேவுக்குக் கதை எழுதியவரின் முடிவு இது.

மாயா பிளிசெட்ஸ்காயாவின் அப்பாவை 1937-ல் கைது செய்து 1938-ல் சுட்டார்கள். அம்மாவைக் கைக்குழந்தையோடு முகாமுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் 1943-ல் போல்ஷாயில் சேர்ந்து உச்சத்துக்கு வந்தார். மாஸ்கோ வரும் வெளிநாட்டுத் தலைவர்களை அவருடைய ஸ்வான் லேக்குக்குத்தான் கூட்டிப் போவார்கள். ஆனால் 1956-ல் போல்ஷாய் முதல்முறை லண்டன் போனபோது அவரை மட்டும் அனுப்பவில்லை. விருந்தாளிக்குக் காட்ட வேண்டும், வீட்டை விட்டு வெளியே விடக்கூடாது. இதற்குப் பெயர் கலை மேல் மரியாதையா?

ருடால்ஃப் நுரேயெவ், உஃபாவில் ஏழ்மையில் வளர்ந்த தாத்தாரியக் குடும்பத்துப் பையன். 1961 ஜூன் 16-ம் தேதி பாரிஸ் விமான நிலையத்தில், மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தவர்களிடமிருந்து தப்பி பிரெஞ்சு போலீஸிடம் அடைக்கலம் கேட்டார். அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தி ஏழு வருஷம் தண்டனை எழுதினார்கள். 1993-ல் இறந்தார். அவரைப் பற்றி 'நுரேயெவ்' என்ற பாலேயை 2017-ல் போல்ஷாயே தயாரித்தது. 2023-ல் புதிய சட்டத்தைக் காரணம் காட்டி அதை நிறுத்திவிட்டார்கள். செத்து 30 வருஷம் ஆன மனிதரைக்கூட மேடையில் விட்டுவைக்கவில்லை.

1991 ஆகஸ்டில் கோர்பச்சேவுக்கு எதிராக ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, தொலைக்காட்சியில் செய்திக்கு பதில் ஸ்வான் லேக் ஓடிக்கொண்டே இருந்தது. டாங்கிகளை மறைக்க அன்னங்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் "கலை வேறு, அரசியல் வேறு" என்று சொன்னால், அவர் அறிந்தோ அறியாமலோ அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்படியானால் தடை போடு என்பதுதானே சரி?" என்று முதல் கட்சி குஷியாக வேண்டாம்.

2022 கோடையில் போல்ஷாய் வர இருந்த லண்டன் நிகழ்ச்சிகளை ராயல் ஓபரா ஹவுஸ் ரத்து செய்தது. எனக்கு அதில் ஆட்சேபமில்லை. அது அரசுக் குழு, அரசின் கொடியோடு வருகிறது. போருக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்ட கலைஞர் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு அவர் பதில் சொல்லட்டும். ஆனால் சாய்கோவ்ஸ்கியையும், பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரு நடனக்காரரையும் ஒதுக்கும்போது நாம் யாருக்கு உதவுகிறோம்? படையெடுத்த அன்றைக்கே மாஸ்கோவிலிருந்து கிளம்பியவர் அலெக்ஸி ராத்மான்ஸ்கி. அடுத்த மாதமே போல்ஷாய் வேலையை உதறிவிட்டு ஆம்ஸ்டர்டாம் போனவர் ஓல்கா ஸ்மிர்னோவா. போருக்கு எதிரான கடிதத்தில் கையெழுத்திட்ட போல்ஷாய் இயக்குநர் விளாதிமிர் உரின் 2023 டிசம்பரில் பதவியை விட்டுப் போக, அந்த நாற்காலி புதினுக்கு வேண்டிய கெர்கியெவுக்குப் போனது. இவர்களையும் அந்த அரசையும் ஒரே மூட்டையில் கட்டுவதைத்தான் அந்த அரசும் விரும்புகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். தியாகிலெவின் புகழ்பெற்ற 'ரஷ்ய பாலே' குழு 1909 முதல் 1929 வரை இயங்கியது. அந்தக் குழு ரஷ்யாவில் ஒருமுறைகூட ஆடியதில்லை. 2022 மார்ச் 3-ம் தேதி, மாஸ்கோவின் சுதந்திரத் தொலைக்காட்சியான தோஷ்த், ஒளிபரப்பை நிறுத்தும் கட்டாயம் வந்தபோது, கடைசியாகத் திரையில் ஓடவிட்டது ஸ்வான் லேக். 1991-ல் ஆட்சி எதைப் போர்வையாக்கியதோ, அதையே எடுத்து ஆட்சியின் முகத்தில் வீசினார்கள். தடை கேட்பவர்கள் அந்த அன்னத்தையும் சேர்த்துத்தான் தடை செய்யச் சொல்கிறார்களா?

கடைசியாக என் வகுப்புத் தோழர்கள் கேட்கப்போகும் கேள்வி: "மச்சி, முதல் போட்டவன் அரசாங்கம். பள்ளி, சம்பளம், தியேட்டர் எல்லாம் கஜானா காசு. அப்போ பெயரும் அவனுக்குத்தானே?" நியாயமான கேள்வி. கஜானா இல்லாமல் அந்தப் பள்ளி 280 வருஷம் தாண்டி நின்றிருக்காது, மறுக்கவில்லை. ஆனால் 1738-ல் அந்தக் கஜானாவை நிரப்பியது யார்? பண்ணையடிமைகளும் குடியானவர்களும். பிறகு அரசு போட்ட காசில் கட்டடம் அரசுடையது, திரைச்சீலை அரசுடையது, நாற்காலி அரசுடையது. சம்பளம் கொடுத்ததால் உலனோவாவின் கை அரசுடையது ஆகிவிடாது. மனிதரைச் சொத்துப் பட்டியலில் எழுதும் வழக்கம் 1861-லேயே முடிந்துவிட்டது. நாம் மறுபடி எழுத வேண்டாம்.

நேரம் கிடைத்தால் 'லா பயாதேர்' மூன்றாம் அங்கத்தில் வரும் நிழல்கள் காட்சியைப் பாருங்கள். இருட்டு. ஒரு சரிவுப் பாதை. வெள்ளை உடையில் ஒரு பெண் வருகிறாள், ஒரு காலைப் பின்னால் உயர்த்தி முன்னால் சாய்கிறாள், நிமிர்ந்து ரெண்டு அடி நகர்கிறாள். பின்னாலேயே அடுத்தவள், அவளுக்குப் பின்னால் அடுத்தவள், அதே அசைவு. பல குழுக்களில் 24 பேர், சிலவற்றில் 32 பேர். முன்னால் வருபவள் அதே சாய்வை முப்பது தடவைக்கு மேல் செய்ய வேண்டும். ஒருத்திக்குக் கால் நடுங்கினால் மொத்த வரிசையும் உடைந்துபோகும். ரஷ்ய பாலேயின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்வேன். அதில் வரும் எந்தப் பெண்ணின் பெயரும் போஸ்டரில் பெரிய எழுத்தில் இருக்காது. ரஷ்ய பாலேக்குக் கை தட்டுவதென்றால் அவர்களுக்குத் தட்டுங்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்குத் தட்டுங்கள். கோபப்படுவதென்றால் அவர்களைக் காட்டித் தன் முகத்தை மறைத்துக்கொள்பவர்கள் மேல் கோபப்படுங்கள்.

திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஒரே ஒரு கண்டிஷன்: அந்த நிழல்கள் காட்சியை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.