பழைய மின்னஞ்சலும் வீட்டுப் பெட்டகமும்

வந்த கடிதங்களைக் கம்பியிற் கோத்து வைப்பது எம் முன்னோர் வழக்கம். நுனி வளைந்த கம்பியொன்று சுவரிலே தொங்கும். தபாற்காரர் கொடுத்த கடிதம் வாசித்து முடிந்ததும் அதிலே ஏறிவிடும். கம்பி நிறைந்தால் அவற்றைக் கட்டாகக் கட்டிப் பெட்டகத்தினுள் வைப்பர். காணி உறுதியும் பிள்ளைகளின் சாதகக் குறிப்பும் கிடந்த அதே பெட்டகத்திலேதான் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன மகனின் கடிதங்களும் கிடந்தன.

இக்காலத்துக் குடும்பங்களுக்கும் கடிதங்கள் உண்டு. ஆனால் அவை கிடக்கும் பெட்டகம் அவர்களுடையதன்று. ஹொட்மெயில் 1996ஆம் ஆண்டிலும் ஜீமெயில் 2004ஆம் ஆண்டிலும் தொடங்கிய நாள் முதலாக, எம்மவர் எழுதிய மின்னஞ்சல்கள் யாவும் கடல் கடந்த கம்பனிகளின் கணனிகளிலேயே குவிந்து வந்திருக்கின்றன. நாம் அவற்றை எமது கடிதங்கள் என்கிறோம்; அவர்கள் தமது விதிகளின்படி வைத்திருக்கிறார்கள்.

இதனை இப்பொழுது எடுத்துரைக்கக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்த குடும்பங்களின் வரலாற்றிலே, கடதாசிக் கடிதம் குறைந்து கைத்தொலைபேசி முற்றாக ஆட்கொள்ளாத ஓர் இடைக்காலம் இருந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் யாழ்ப்பாணத்துக் கணனி நிலையங்களில் மணிக்கணக்கிற் காசு கொடுத்து உட்கார்ந்து எழுதிய மடல்கள் அக்காலத்தவை. ரொறன்ரோவிலிருந்து மகன் அனுப்பிய முதற் பனிக்காலப் படம், பேரப்பிள்ளைக்குப் பெயர் தெரிவுசெய்து தாயார் அனுப்பிய பட்டியல், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிக்குப் பின் ‘யார் யார் தப்பினீர்கள்’ என்று கேட்டு வந்த ஒற்றை வரி மடல்கள் எல்லாம் அவற்றிலேதான் உள. தொலைபேசியிற் பேசியவை காற்றோடு போயின. எழுதியவை மாத்திரமே எஞ்சியிருக்கின்றன. அவையும் பலர் வீடுகளில் ஒரேயொரு கணக்கிலே, ஒரேயொரு படியாக இருக்கின்றன.

ஒரே படி என்பதன் ஆபத்தைத் தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது, ஏடு செல்லரிக்குமுன் வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதி வைத்த முன்னோர் இருந்தமையினாலன்றோ? 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் படியுள்ள அச்சு நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். வேறு படியில்லாத ஏட்டுக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் அவ்வழி இல்லை.

மின்னஞ்சல் எரிவதில்லை. அது வேறு விதமாகப் போகின்றது. இரண்டாண்டுகள் எவரும் திறவாத தனியார் கணக்குகளை உள்ளடக்கத்துடன் நீக்கலாம் என்பது கூகிள் கம்பனி 2023ஆம் ஆண்டு அறிவித்த விதி. அவ்வாண்டு டிசம்பர் மாதந் தொடக்கம் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டிலே பெரியவர் ஒருவர் காலமானால் அவருடைய கணக்கை யார் திறப்பர்? அந்தியேட்டி முடிந்து ஆண்டுத் திவசமும் முடிந்து, துயரம் ஆறி, ‘ஐயாவின் மடல்களை ஒருமுறை வாசிப்போமே’ என்று பிள்ளைகள் எண்ணும் வேளையிலே தவணை கடந்திருக்கக்கூடும். பல்கலைக்கழக மாணாக்கருக்கும் இதிலே ஒரு வார்த்தை: கல்விக்கூடம் தந்த முகவரி பல இடங்களிலே, படிப்பு முடிந்து சில காலத்தில் மூடப்படும். பட்டம் பெறும் ஆரவாரத்திலே ஆசிரியர் எழுதிய திருத்தங்களையும் நண்பர் மடல்களையும் மறந்துவிடுதல் எளிது.

சேவை முழுவதுமே மறைவதும் உண்டு. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர்களும் ஒருகாலத்திற் கூடிப்பேசிய யாஹூ குழுக்கள் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. 2011ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, ஜீமெயில் பாவனையாளருட் சிறு தொகையினர் ஒருநாட் காலையிற் பார்த்தபோது தமது பெட்டி வெறுமையாய் இருக்கக் கண்டனர். செயலி ஒன்றின் வழுவினால் நேர்ந்தது அது. மடல்கள் பின்னர் மீட்கப்பட்டன. எதிலிருந்து என்றால், இணையத்தொடர்பின்றித் தனியே வைத்திருந்த காந்த நாடாவிலிருந்து! அத்துணைப் பெரிய கம்பனியும் பழைய முறையிலே ஒரு படியைப் புறம்பாக வைத்திருந்தது என்பதை வாசகர்கள் கவனிப்பாராக.

ஆகவே ஒரு வெளி வன்தட்டு வாங்கவேண்டும். எழுத்து மாத்திரமுள்ள மடல் மிகச் சிறிது. ஆயிரக்கணக்கான மடல்களும் சில படங்களின் இடத்தையே கொள்ளும். இணைத்தனுப்பிய படங்களே பாரம். எனினும் ஒரு டெராபைட் கொள்ளும் தட்டு எந்தக் குடும்பத்தின் மடல்களுக்கும் தாராளம்.

கைத்தொலைபேசியிலே பழைய மடல்கள் யாவும் தெரிகின்றனவே, அது போதாதா என்பார் பலர். போதாது. அங்கே தெரிவது பெரும்பாலும் கண்ணாடியிற் காணும் உருவத்தைப் போன்றது. மூலத்தில் அழிந்தால் கண்ணாடியிலும் அழியும். கணனியில் மின்னஞ்சற் செயலி வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். மடல்களை அச்செயலியின் உள்ளகக் கோப்புறைக்குப் படியெடுத்த பின்னரே அவை வீட்டுக்கு வந்தனவாகும்.

ஜீமெயில் வைத்திருப்போருக்கு எளிய வழி, கூகிள் தரும் ‘டேக்அவுட்’ என்னும் வசதி. கணக்கினுட் சென்று, மற்றவற்றை விலக்கி, மின்னஞ்சலை மாத்திரம் தெரிவுசெய்து வேண்டுகோள் விடுத்தால், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பொதி ஆயத்தம் என்று மடல் வரும். ஏறக்குறைய ஒரு வாரத்துள் அதனை இறக்கிக்கொள்ளவேண்டும். பிந்தினால் மறுபடியும் கேட்கவேண்டியதே. பொதியினுள்ளே இருப்பது ‘எம்பொக்ஸ்’ என்னும் வகைக் கோப்பு. ஒரே நீண்ட சுருளில் மடல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியது போன்ற அமைப்பு அது. தண்டர்பேர்ட் முதலிய இலவசச் செயலிகளாற் படிக்கலாம். ஒரு கம்பனியின் செயலிக்கு மாத்திரம் விளங்கும் கோப்பினும் இத்தகைய வெளிப்படையான கோப்பே நெடுங்காலத்துக்கு நல்லது என்பது எமது எண்ணம்.

தட்டின் அமைப்பிலே ஒரு சிக்கல் வரலாம். ‘ஃபாட் 32’ என்னும் பழைய முறையில் ஒழுங்குபடுத்தப்பட்ட தட்டு, 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. இடம் நிறைய இருந்தும் இடமில்லை என்பதுபோல மறுத்துவிடும். ‘எக்ஸ்ஃபாட்’ முறையில் ஒழுங்குபடுத்தினால் இத்தொல்லை இல்லை. ஆனால் அவ்வாறு செய்தால் தட்டில் ஏற்கெனவே உள்ளவை அழியும். ஆதலால் வெறுந் தட்டிலேயே அதனைச் செய்க.

இனி எமக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லவேண்டும். இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் மடல்களிற் பல ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் எழுதப்பட்டவை. அம்முறையிற் கணனியினுள்ளே இருப்பது தமிழெழுத்தன்று. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருப்பதே. ‘அம்மா’ என்று மகன் எழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குவியலாய்த் தோன்றும். இதைக் கண்டு ‘கோப்புப் பழுதாகிவிட்டது’ என்று அழித்துவிடலாகாது. எழுத்துருக் கோப்பையும் அதே தட்டில் வைத்தல் வேண்டும். பாமினியை யூனிக்கோடாக மாற்றித்தரும் இலவசக் கருவிகளும் உள. முக்கியமான மடல்களை மாற்றி, மூலத்தையும் அருகே வைக்கலாம். பாமினி தட்டத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துகொள்வது நன்று. பேரப்பிள்ளைகள் அந்தக் குவியலைக் கண்டால் அது தமிழென்றே அறியார்.

படியெடுத்ததும் தட்டைக் கழற்றி, வேறொரு கணனியிற் செருகி, பழைய ஆண்டொன்றின் மடலைத் திறந்து பார்க்க. இணைத்த படமும் திறக்கின்றதா என்று பார்க்க. கணனியோடு எந்நேரமும் தட்டைப் பொருத்தி வைப்போரும் உளர். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய செயலிகள் கணனிக்குள் புகுந்தால் பொருத்திய தட்டையும் விட்டுவைப்பதில்லை. சுழலும் தட்டு விழுந்தால் உடையும். சுழலாத வகை நெடுநாள் மின்னின்றிக் கிடந்தால் எழுதியதை இழக்கவுங்கூடும். ஆகவே இரண்டு தட்டுகள் வேண்டும், இரண்டும் ஒரே அலுமாரியில் இருத்தல் ஆகாது. ஒன்று தெகிவளையிலுள்ள வீட்டில் இருந்தால் மற்றது மட்டக்களப்பிலே தங்கை வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை, பொங்கல் விடுமுறையிலாவது, இரண்டையும் திறந்து பார்த்துப் புதிய மடல்களைச் சேர்க்கலாம்.

கடவுச்சொல்லாற் பூட்டலாமா என்பதில் எமக்கும் நண்பர்களுக்கும் வாதம் உண்டு. வங்கிக் கணக்குகள் பற்றிய மடல்களும், பிறர் நம்பி எழுதிய அந்தரங்கமும் அதிலே இருக்குமாதலின் பூட்டவேண்டுமென்பது அவர்கள் கட்சி. அது நியாயமே. ஆனால் திறவுகோலை ஒருவர் மாத்திரம் அறிந்திருந்தால், அவருக்குப் பின் அத்தட்டு வெறும் இரும்பு. எமது ஏற்பாடு இது: பிறர் பார்க்கலாகாதவற்றை முதலிலே பிரித்தெடுத்து அழித்துவிடுவது, எஞ்சிய குடும்ப மடல்களைப் பூட்டாமல் வைப்பது. பூட்டியே தீரவேண்டுமென்போர் கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி, காணி உறுதியுடன் வைக்கட்டும். கணக்கு நெடுநாள் செயலற்றுக் கிடந்தால் இன்னாரிடம் உள்ளடக்கத்தைக் கொடுக்க என்று முன்கூட்டியே குறிக்கும் வசதியொன்றையும் கூகிள் 2013ஆம் ஆண்டு முதல் தருகின்றது. அதிலே மகளின் பெயரையோ மகனின் பெயரையோ இடுவதற்குப் பத்து நிமிடம் போதும்.

தட்டின்மீது ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, யாருடைய மடல்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தச் செயலியால் திறப்பது, கடைசியாகத் திறந்து பார்த்த திகதி யாது என்பவற்றை எழுதிவைக்க. தமிழிலே எழுதினாற் போதும். பென்சிலால் எழுதினால் அடுத்த ஆண்டு திகதியை மாற்றுவது எளிது.