கம்பிக் கூண்டும் கறுப்புப் பியரும்

மலையகத்தில் மதுவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நமது தலைவர்களிடமும் பத்திரிகையாளர்களிடமும் இரண்டு சொற்களே உண்டு. ஒன்று சீரழிவு, மற்றையது ஒழிப்பு. மே தின மேடையில் அவை மாறி மாறி முழங்கும். மேடையைவிட்டு இறங்கியதும் மறக்கப்படும். குடிப்பவர் எங்கே நின்று குடிக்கிறார், எதை உண்டபடி குடிக்கிறார், யாருடன் பேசிக்கொண்டு குடிக்கிறார் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. என் பார்வையில் முதலில் கேட்கப்பட வேண்டியது அதுதான்.

பூண்டுலோயாவை எடுத்துக்கொள்வோம். டன்சினன், ஷீன், ஹெரோ என்று ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்தியரும் தமது ஊர் நினைவில் வைத்துவிட்டுப்போன பெயர்களைக் கொண்ட தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம். (லண்டன் ஹரோவில் வாழும் நம்மவர்களுக்கு இந்தப் பெயர் ஒற்றுமை புன்னகையைத் தரக்கூடும்.) இத்தகைய மலை நகரங்களில் கவ்வாத்து வெட்டிக் களைத்து வரும் தொழிலாளி எப்படிக் குடிக்கிறார்? 'வைன் ஸ்டோர்ஸ்' என்ற பலகை தொங்கும் கடையின் கம்பிக் கூண்டுக்குள் கையை நீட்டிக் கால் போத்தல் சாராயத்தை வாங்குகிறார். அந்தக் கடைகளுக்குக் கொடுக்கப்படும் அனுமதிப்பத்திரம் விற்பதற்கு மட்டுமே; உள்ளே அமர்ந்து அருந்த அதில் இடமில்லை. ஆகவே அவர் மதகின் மேலோ, கடைகளின் பின்புறத்திலோ, தேயிலைச் செடிகளின் மறைவிலோ நின்று, வெறும் வயிற்றில், பிளாஸ்டிக் கோப்பையில், நான்கு நிமிடத்தில் அதை முடிக்கிறார். பின்னர் மழையில் நனைந்தபடி லயத்துக்கு ஏறுகிறார். இதில் குடிப்பதன் இன்பம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மருந்தைக்கூட நாம் இதைவிட நிதானமாகக் குடிப்போம்.

இதே நுவரெலியா மாவட்டத்தில்தான் உலகின் பியர் இரசிகர்கள் தேடிவந்து பருகிய கறுப்புப் பியர் ஒன்று காய்ச்சப்பட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் பிற்காலத்தில் புகழ்பெற்ற சாமுவெல் பேக்கர் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்தின் கிராமம் ஒன்றை இங்கே நட முயன்றார். பண்ணை, கால்நடை, காய்கறி ஆகியவற்றோடு பியர் காய்ச்சும் வழக்கமும் வந்து சேர்ந்தது. 1881இல் வணிக அடிப்படையிலான சிலோன் புரூவரி அங்கே உருவானது. குளிர்ந்த காற்றும் லவர்ஸ் லீப் பக்கமிருந்து வரும் ஊற்று நீரும் அதற்குத் துணைநின்றன. மோல்ட்டும் ஹொப்ஸும் கப்பலில் வந்து, மலைப்பாதையில் ஏறின.

மைக்கல் ஜாக்சன் என்றொருவர் அந்தப் பியரைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். பாடகர் அல்லர், 2007இல் மறைந்த பிரித்தானியப் பத்திரிகையாளர், பியரைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர். லயன் ஸ்டவுட் எனும் அந்தக் கறுப்புப் பியர், கண்டியிலும் நுவரெலியாவிலும் பழைய மதுக்கடைகளில் மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து ஊற்றப்பட்ட காலத்தில் அவர் இங்கு வந்தார். இங்கிலாந்திலேயே அருகிவந்த ஒரு வழக்கம் ஆசிய மலை நகரமொன்றில் உயிரோடிருந்தது அவரை மகிழ்வித்தது.

அருகிவந்தது என்று சொன்னேன். அதற்கும் ஒரு கதை உண்டு. 1960களில் பிரித்தானியாவின் பெரிய நிறுவனங்கள் பியரை வடிகட்டிச் சூடாக்கி, அதிலுள்ள நொதியைக் கொன்று, இரும்புப் பீப்பாயில் அடைத்து, வாயு அழுத்தத்தால் ஊற்றத் தொடங்கின. எங்கும் ஒரே சுவை, கெட்டும் போகாது. இதற்கு எதிராக 1971இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய சிறு இயக்கம் பின்னர் இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட நுகர்வோர் அமைப்பாக வளர்ந்தது. பீப்பாய்க்குள்ளேயே இறுதி நொதித்தல் நிகழ்ந்து, வெளிவாயுவின் உதவியின்றி ஊற்றப்படும் பியருக்கு அவர்கள் 'ரியல் ஏல்' என்று பெயரிட்டார்கள். பீப்பாயைத் திறந்துவிட்டால் ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். எனவே அதைக் காக்கத் தெரிந்த கடைக்காரரும் நாள்தோறும் வரும் வாடிக்கையாளரும் வேண்டும். கூண்டுக்குள் கைநீட்டி வாங்கிச் செல்லும் பண்டமாக அது ஆகவே முடியாது.

நுவரெலியாவின் பழைய காய்ச்சுமனை 1990களின் இறுதியில் மூடப்பட்டு, உற்பத்தி பியகமவுக்கு இறங்கிவிட்டது. 2016 மே மாத வெள்ளத்தில் அந்தப் புதிய ஆலை மூழ்கி மாதக்கணக்கில் இயங்காமற் போனது. மலையைவிட்டு இறங்கியதற்கு மழை அனுப்பிய கட்டணச் சிட்டை போலும்!

ஆனால் அந்தப் பொற்காலத்தை எண்ணி ஏங்க நான் இதை எழுதவில்லை. அந்தப் பீப்பாய்கள் யாருக்காக நிறைந்தன? 1876இல் தொடங்கப்பட்ட நுவரெலியா ஹில் கிளப்பில் 1960களின் பிற்பகுதி வரை இலங்கையர் எவரும் உறுப்பினராக முடியவில்லை. துரைமாருக்குக் கணப்பு அடுப்பும் சாய்வு நாற்காலியும் வெள்ளைத் துணி விரித்த மேசையும் இருந்தன. கொழுந்து கொய்தவருக்கும் கவ்வாத்து வெட்டியவருக்கும் சந்தியில் சாராயத் தவறணை இருந்தது.

அந்தத் தவறணை தானாக முளைத்ததுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக மத்திய மாகாணக் குத்தகைகளின் மதிப்பும் பெருகியது. இலங்கையின் புகழ்பெற்ற செல்வக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூலதனம் சாராயக் குத்தகையிலிருந்து வந்தது என்பதைக் குமாரி ஜயவர்தன தமது ஆய்வுநூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தமிழகத்திலிருந்து நடந்து வந்த கூலியின் நாட்சம்பளத்தில் ஒரு பகுதி அரசின் வருமானமாகவும் இன்னொரு பகுதி கொழும்பின் மாளிகைகளாகவும் மாறியது. இதன் பின்னர் 1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கம் தேசியத் தலைவர்களை உருவாக்கியது. அந்தத் தலைவர்களில் ஒருவரான டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கந்தான் 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. மதுவை வெறுத்தவர்கள் எல்லோரும் குடித்தவரை நேசித்தார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை.

மதுக்கூடம் என்பது மரியாதையின் இடமும்கூட. இதைப் பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள ஸ்மெதிக் நகரம் நன்கு அறியும். 1960களில் அங்கே வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபியருக்குப் பல பப்களில் வரவேற்பறையில் அமர அனுமதியில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965 பெப்ரவரி 12ஆம் திகதி மல்கம் எக்ஸ் அந்நகருக்கு வந்து, ஒரு பப்புக்குள் நுழைந்தபோது அவருக்கும் மறுக்கப்பட்டது. ஒன்பது நாட்களின் பின் நியூயோர்க்கில் அவர் கொல்லப்பட்டார். இன்று அதே வட்டாரத்தில் 'தேசி பப்' எனப்படும் கடைகளை அந்தப் பஞ்சாபியரின் பிள்ளைகள் நடத்துகிறார்கள். கைப்பம்பில் உள்ளூர்ப் பியர். தட்டில் தந்தூரிக் கோழியும் மீனும். பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற வெள்ளைத் தொழிலாளியும் அவர் மனைவியும். குடிகாரர் விடுதி என்ற நினைவே அங்கு எழுவதில்லை.

ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் ஒரு லண்டன் மாலைப் பத்திரிகையில் தமது இலட்சியப் பப்பைப் பற்றி எழுதினார். அவர் வரைந்ததில் எனக்கு மிகப் பிடித்த அம்சம் அங்கு கிடைக்கும் கறுப்புப் பியரன்று. பின்புறத் தோட்டமே. குழந்தைகள் விளையாட, பெற்றோர் இருவரும் சேர்ந்து வரலாம். அப்படியொரு பப் உண்மையில் இல்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

அவ்வளவு தூரம் ஏன்? கேரளத்தின் குட்டநாட்டிலும் கோட்டயத்துப் பக்கத்திலும் கள்ளுக்கடைகள் உண்டு. அங்கே கள்ளைவிட உணவுக்குப் பெயர் அதிகம். மரவள்ளிக்கிழங்கு, குடம்புளி போட்ட சிவந்த மீன்கறி, வாத்து இறைச்சி. அவற்றுட் சில இன்று குடும்பத்தோடு சென்று உண்ணும் உணவகங்களாகவே மாறிவிட்டன. கள்ளும் உயிருள்ள பானந்தான். இறக்கிய நாளிலேயே அருந்த வேண்டும். அதன் மதுசார அளவும் ஆங்கிலேயரின் ஏலுக்கு ஏறத்தாழ நிகர். நமது மலைகளிலும் கித்துல் மரம் உண்டு. அதன் பாளையைச் சீவி இறக்கும் கள்ளும் உண்டு. ஆனால் அதைத் தட்டோடும் மேசையோடும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. தமிழகத்திலோ கள்ளுக்கு 1987இலிருந்து தடை. ஆலையில் செய்த பிராந்தியை 2003இலிருந்து அரசே கடை திறந்து சில்லறையாக விற்கிறது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் 60 மில்லிலீற்றர். 4.8 வீத லாகர் பியரின் 625 மில்லிலீற்றர்ப் பெரிய போத்தலில் 30. அதாவது நின்றபடி நான்கு நிமிடத்தில் விழுங்கப்படும் கால் போத்தல், இரண்டு பெரிய பியருக்குச் சமம். அந்த இரண்டு பியரை அமர்ந்து, கடலையோ டெவல் மீனோ உண்டபடி குடித்து முடிக்க இரண்டு மணி நேரம் வேண்டும். எனினும் போதைக்கு விலை கணக்கிடுபவர் சாராயத்தையே தேர்வார். அதற்கும் வழியற்றவர் கசிப்பைத் தேடிப்போவார். 2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர பியரின் வரியைக் குறைத்தபோது இந்தக் கணக்கே அவர் மனத்தில் இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. 2018 ஜனவரியில், தவறணையில் பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்த 1979ஆம் ஆண்டு அறிவித்தலையும் அவர் நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளக் கொண்டுவரச் செய்தார். பெண் நுழையக்கூடாத இடம் என்று சட்டமே முத்திரை குத்தினால் அந்த இடம் ஒருநாளும் நல்ல இடமாகாது.

இதைப் படிக்கும் மலையகச் சகோதரிகள் சிலர் சினங்கொள்வர் என்பதை அறிவேன். சம்பள நாளன்று மாலை என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கொழுந்துக் கூடையைச் சுமந்தவரும் அவர். அன்றிரவு அடிவாங்குபவரும் அவர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அது 1,350 ஆனது. இதில் பியர் எங்கே, டெவல் மீன் எங்கே என்று கேட்டால் என்னிடம் சுலபமான பதில் கிடையாது. மதுவிலக்கைக் கோரும் பெண்ணின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அவர் கோருவது நிறைவேறாதவரை, கூண்டுக்கடையே நீடிக்கட்டும் என்ற முடிவைத்தான் மறுக்கிறேன். கணவர் எங்கே குடிக்கிறார் என்று தெரியாத நிலையைவிட, தாமும் பிள்ளையும் போய் ஒரு தட்டுச் சோறு உண்ணக்கூடிய இடத்தில் அவர் இருப்பது அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு.

புதிய அனுமதிப்பத்திரங்கள் வேண்டா. அவை எப்படி வழங்கப்படுகின்றன என்பதை 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட பட்டியல் காட்டியது. அவ்வாண்டில் மட்டும் முந்நூற்றுக்கு மேல்! இருக்கும் கூண்டுக்கடைகளில் சிலவற்றையேனும் மாற்றலாம். கம்பியைக் கழற்றி, மேசை போட்டு, உணவு இல்லாமல் மது இல்லை என்று நிபந்தனை விதித்து, 5 வீதத்துக்குக் குறைந்த பியருக்கும் கித்துல் கள்ளுக்கும் மட்டும் அனுமதி கொடுத்து, சம்பள நாளில் கடன் எழுதுவதைத் தடைசெய்து பார்க்கலாம். சமையலை நடத்தத் தோட்டப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் சுடச்சுட வடையும் அவர்கள் கையால் வந்தால் போதும். முதற்கடை பூண்டுலோயாவில் திறக்கட்டும். அங்கே கறுப்புப் பியர் வரும் நாளில், ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு வடைக்குச் சொல்லிவிட்டு உட்காருவேன்.