நிற்கிற இடம் எது சார்?

கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் என்று ஒரு கறுப்பு ஜன்னல் உண்டு. மவுஸுக்கு அங்கே மரியாதை கிடையாது, எல்லாமே தட்டச்சுதான். வெறும் பி.காம்.காரன் நான் அதில் இரண்டு வரி தட்டினால் போதும், பக்கத்தில் நிற்பவர் 'சார் எம்.சி.ஏ.வா?' என்பார். அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டுப் போன மாதம் ஒரு ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தேன்.

நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் மளிகைக் கடை. அன்று தேதி 19. மறுநாள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அண்ணாச்சியின் 212 பில்களை ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டிருந்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து, முழு விலாசத்தையும் மாங்கு மாங்கென்று தட்டி அந்த ஃபோல்டருக்குள் நுழைந்து, பில் பெயர்களை எல்லாம் ஒரே வரியில் பட்டியல் எடுத்தேன். அண்ணாச்சியின் காலேஜ் பையன் பார்த்துக்கொண்டே நின்றான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். விதி விடுமா?

டி டிரைவில் போன வருஷத்து நகல்கள் குப்பையாகக் கிடந்தன. 'இப்பப் பாரு தம்பி' என்று, இடம் மாற்றும் சி.டி. கட்டளையைப் போட்டு, டி டிரைவில் இருந்த பழைய ஃபோல்டரின் விலாசத்தைக் கொடுத்தேன். ஜன்னல் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, 'பி.டி.எஃப். அத்தனையையும் அழி' என்று உத்தரவு போட்டேன். ஒரு நொடி. காலி!

காலியானது பழசு இல்லை சார், புதுசு!

சி.டி. என்று மட்டும் தட்டினால் டிரைவ் மாறாது. டாஸ் காலத்துப் பழக்கம் அது. கூடவே ஸ்லாஷ் டி சேர்த்தால்தான் சி-யை விட்டு டி-க்கு நகரும். நான் சேர்க்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்று வெட்டியிருக்கிறேன். இந்த ஜன்னலில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, நேரே கைலாசம்தான். 'எல்லாவற்றையும் அழி' என்றாலாவது 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்கும். 'பி.டி.எஃப். மட்டும்' என்றால் அதுகூடக் கேட்காது.

பையன் மெதுவாக, 'எதுக்குண்ணே இவ்வளவு சுத்தறீங்க?' என்றான். வேண்டிய ஃபோல்டரை வழக்கம்போல் மவுஸால் திறந்தான். மேலே விலாசம் தெரிகிற பட்டையில் க்ளிக் செய்து, சி.எம்.டி. என்று மூன்றே எழுத்து (நடுவில் புள்ளி கிடையாது) தட்டி என்டர் அடித்தான். கறுப்பு ஜன்னல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே திறந்தது! விலாசம் தட்டுகிற வேலையே இல்லை. விண்டோஸ் 11 என்றால் ஃபோல்டரின் காலி இடத்தில் ரைட் க்ளிக் செய்தாலே 'ஓப்பன் இன் டெர்மினல்' என்று ஒரு வரி வரும். அதில் வழக்கமாகத் திறப்பது பவர்ஷெல் என்ற இளைய தலைமுறை.

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சர்வரில், இரண்டு சாய்வுக்கோட்டோடு விலாசம் தொடங்குகிற ஃபோல்டரில் இந்த மூன்றெழுத்து வித்தை பலிக்காது. 'முடியாது' என்று ஒரு வரி சொல்லிவிட்டு, விண்டோஸின் சொந்த ஃபோல்டரில் போய் நிற்கும். அங்கே நின்றுகொண்டு எதையாவது அழித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதனால் எந்த வழியில் திறந்தாலும், கர்சருக்கு முன்னால் இருக்கிற விலாசத்தைப் படித்த பிறகு என்டரில் கை வையுங்கள். நிற்கிற இடம் அதில்தான் எழுதியிருக்கும்.

அன்று ராத்திரி கல்லாவுக்கு மேலே தொங்கிய கம்பியிலிருந்து 212 பில்களையும் உருவி, மறுபடி ஸ்கேன் செய்து முடித்தபோது மணி மூன்று. ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை. அண்ணாச்சி திட்டவே இல்லை. டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்:

'கம்பியில குத்துனது எங்கயும் போவாதுல்லா தம்பி!'