மீன் துப்பாக்கி வைத்திருக்கிற தம்பிகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் தங்கை பேரனின் தொடைக்கு ஒரு சாண் தள்ளி ஓர் ஈட்டி போனது. எய்தவன் என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். வெளிநாட்டில் வேலை பார்க்கிறான், விடுமுறைக்கு வந்தபோது காற்றழுத்த ஸ்பியர் கன் ஒன்று கொண்டுவந்திருந்தான். இருவருமாகப் பாரில் களவாய் அடிக்கப் போயிருக்கிறார்கள். தண்ணீர் கலங்கல். மீனின் வால் மட்டும் தெரிந்திருக்கிறது, அதற்குப் பின்னால் ஆள் இருந்தது தெரியவில்லை. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே இருவரும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு அவன் கேட்டது இது: "சார், இன்னும் பிரஷர் ஏத்தினா தூரமா போகுமா?"

எனக்கு வந்த கோபத்தை அங்கேயே காட்டிவிட்டேன். ஆனால் கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் விடுவது வாத்தியார் வேலை இல்லை.

ரப்பர் பட்டை வைத்த துப்பாக்கி நீளமாக இருக்கும். காற்றழுத்தத் துப்பாக்கி அதே வேகத்தைக் குட்டையான உடம்பில் தரும். கல் இடுக்கில் நுழைத்துத் திருப்ப வசதி, அதனால்தான் பாருக்கு அதைத் தேடுகிறார்கள். குழலைச் சுற்றி ஒரு காற்றுத் தொட்டி. கைப்பம்பால் ஒருமுறை அடைத்துவிட்டால் போதும். ஈட்டியை உள்ளே தள்ளும்போது பிஸ்டன் பின்னால் போய்க் காற்றை மேலும் நெருக்கும். விசையை இழுத்தால் அந்தக் காற்று பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஈட்டியைத் தள்ளும்.

இப்போது நம் பழைய கணக்கு. விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பு. 13 மில்லிமீட்டர் குழலின் பரப்பு சுமார் 1.3 சதுர சென்டிமீட்டர். அதில் 20 பார் அழுத்தம் இருந்தால் ஈட்டியைத் தள்ள 26 கிலோ எடையைத் தூக்குகிற பலம் வேண்டும். 11 மில்லிமீட்டர் குழலில் அதே அழுத்தத்துக்கு 19 கிலோ போதும். நம் பையன் எத்தனை தடவை பம்ப் அடித்தான் என்பதற்குக் கணக்கே இல்லை. கடலில் மிதந்துகொண்டு, ஈர நெஞ்சில் அடிக்கட்டையை முட்டுக்கொடுத்துத் தள்ளும்போது கை வழுக்கினால் முனை எங்கே போகும் என்று யோசித்தானா?

அழுத்தம் ஏற்றுவது சோம்பேறி வழி. விஷயம் தெரிந்தவர்கள் வாய்ப்பகுதியைத்தான் மாற்றுகிறார்கள். சாதாரணத் துப்பாக்கியில் குழலுக்குள் கடல்நீர் நிற்கும். அரை மீட்டர் குழலில் 8 மில்லிமீட்டர் ஈட்டி அடைத்த இடம் போக ஏறக்குறைய 40 மில்லி தண்ணீர். எய்யும்போது பிஸ்டன் அந்தத் தண்ணீரையும் வெளியே தள்ளியாக வேண்டும், பலத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். வாய்ப்பகுதியில் இறுக்கமான ரப்பர் சீல் வைத்துத் தண்ணீரை உள்ளே விடாமல் செய்தால் குறைந்த அழுத்தத்திலேயே பழைய வேகம் கிடைக்கும். செய்வதானால் இதைச் செய்யுங்கள், செய்துவிட்டு அழுத்தத்தைக் குறையுங்கள். சீலையும் வைத்து அழுத்தத்தையும் ஏற்றுவதென்றால் என்னிடம் வராதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈட்டி இல்லாவிட்டாலும் தொட்டிக்குள் காற்று அப்படியேதான் இருக்கும். அதை முழுக்க வெளியேற்றாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். சைக்கிள் டியூப் என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் ஊர்க் கடலுக்கு வருகிறேன். முதலியார்சாவடியிலிருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் கரைத் தண்ணீர் மணல் கலந்தது. புதுச்சேரித் துறைமுகத்தின் கல்கரை 1980களின் கடைசியில் வந்ததிலிருந்து நம் கரை எப்படி அரிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த மணல் சீலுக்குள் போனால் குழலைக் கீறும், காற்று கசியும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், நல்ல நாளிலேயே இங்கே ஐந்தாறு மீட்டருக்கு மேல் கண் போகாது. போதாததற்கு, நீருக்குள் 4 மீட்டரில் இருப்பது கண்ணாடி வழியே 3 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். கண் போகாத தூரத்துக்கு ஈட்டி போய் என்ன பிரயோசனம்? குட்டைத் துப்பாக்கி, குறைந்த அழுத்தம், நீளம் குறைந்த நைலான் கயிறு. இந்தக் கடலுக்கு அதுவே அதிகம்.

வலையோடு ஒப்பிட்டால் ஈட்டி நல்லதுதான், வேண்டிய மீனை மட்டும் எடுக்கலாம் என்று என் அண்ணன் மகன் வாதாடுவான். ஒப்புக்கொள்கிறேன், இழுவலை அள்ளுகிற குஞ்சுகளைப் பார்த்தவன் நான். ஆனால் ஈட்டிக்காரன் கண்ணுக்கு வேண்டிய மீன் எது? இருப்பதில் பெரிய களவாய். களவாயில் பல வகை பெண்ணாகவே வளர்ந்து, பெருத்த பிறகு ஆணாக மாறுகிறவை. பெரியதை அடித்தால் அந்தப் பாரின் ஆணை அடித்ததாகிவிடும். ராட்சதக் களவாய் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, அதைத் தொட்டால் வழக்கு. பாரையும் சீலாவும் வந்தால் அடித்துக்கொள்ளுங்கள். களவாயை விட்டுவிடுங்கள். தூண்டில் போட்டுப் பிழைக்கிற நம் பெரியவர்களுக்கும் அந்தப் பார்தான் சோறு.

சிலிண்டர் மாட்டிக்கொண்டு போகலாமா என்று ஒருவன் கேட்டான். பிரான்சிலும் இத்தாலியிலும் அதற்குத் தடை. மூச்சடக்கிப் போகிறவனிடம் மீனுக்கும் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, இல்லையா?

மற்றபடி, கரையில் ஈட்டியை ஏற்றக் கூடாது. கல் கொட்டிய பக்கம் சின்னப் பிள்ளைகள் குளிக்கும்போது துப்பாக்கியைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. இரண்டு பேர் போனால் ஒரு துப்பாக்கிதான். ஒருவன் கீழே போகும்போது மற்றவன் மேலே மிதந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுடுகிறவனின் முதுகுப் பக்கம் நின்று.

தங்கை இன்னும் அந்தப் பையனோடு பேசவில்லை. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். முதலில் போய் அவளைப் பார். பிறகு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியையும் பம்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, முதலிலிருந்து எண்ணி அடிப்போம்.