டொனோஸ்தியா விருந்து

ஸ்பெயின் தேசத்தின் வடகடலோரத்திலுள்ள ஸான் ஸெபாஸ்டியன் நகரைப் பாஸ்க் ஜனங்கள் டொனோஸ்தியா என்று அழைப்பர். அங்கே செல்லும் அன்பர்கள் உயர்ந்த விருந்து எங்கே கிடைக்கும் என்று வினவினால், 'அர்ஸாக்' என்போம். 1897-ல் மதுக்கடையாய்த் தோன்றிய அவ்விடத்துக்கு மிஷ்லின் வழிகாட்டி 1989-ல் மூன்று நட்சத்திரம் அளித்தது.

நட்சத்திரத்தைவிட நம்மைக் கவர்வது வேறு. பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் பாஸ்க் பாஷைக்கு வாய்ப்பூட்டு இடப்பட்டிருந்தது. 1975-ல் அவர் மறைந்தார். மறு வருஷமே ஜுவான் மாரி அர்ஸாக், பெத்ரோ சுபிஹானா முதலியோர் பிரெஞ்சு நிபுணர்களிடம் கற்ற நுட்பத்தோடு, மறைந்துபோகவிருந்த தம் நாட்டுப் பாகங்களைத் தேடி எடுத்து, 'புதிய பாஸ்க் சமையல்' என்று பெயரும் சூட்டினர். சுபிஹானாவின் 'அகெலாரே' இன்றும் கடலைப் பார்த்த குன்றின்மேல் இருக்கிறது.

பணப்பை இளைத்தவர்கள் பழைய நகரத்துக் கடைகளில் நின்றபடியே 'பிஞ்சோ' உண்ணலாம். நெத்திலி, ஒலிவக்காய், ஊறிய பச்சைமிளகாய் மூன்றையும் குச்சியில் கோத்த 'கில்டா'வுக்கு 1946-ல் வந்த சினிமாப் படத்தின் பெயர். நம்மவர் அதில் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம்!

ஆடவரே கூடிச் சமைத்துண்ணும் சங்கங்களும் அங்கே உண்டு. பாட்டிமாரின் பாகங்களைப் போற்றிய ஊரில், அச்சங்கங்களின் அடுப்படிக்குள் பெண்களை நெடுங்காலம் விடவில்லையாம். விந்தைதான்! இப்போது அர்ஸாக் அடுப்படிக்குத் தலைமை வகிப்பவரோ ஜுவான் மாரியின் மகள் எலேனா.