அம்மம்மாவிட்ட ஆரும் கேட்டனீங்களோ?

யாழ்ப்பாணத்தில எங்கட ஒழுங்கைகளுக்குள்ள இப்படி ஒரு வீடு கட்டாயம் இருக்கும். மாபிள் பதிச்ச விறாந்தை, பூட்டின மேல்மாடி, கேற்றடியில கமரா. உள்ளே எழுபது வயது தாண்டிய ஒருவர், தனிய. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருந்து போனில அவரைப் பார்க்கிறார்கள். "சாப்பிட்டாச்சோ? குளிசை போட்டாச்சோ?" "ஓமோம், போட்டாச்சு." கதை முடிஞ்சுது.

இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நாங்கள் இரண்டாகப் பிரிந்து அடிபடுகிறோம். "இல்லத்தில விட்டா ஊர்ச்சனம் என்ன சொல்லும்?" என்கிறது ஒரு பக்கம். "தனிய விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது?" என்கிறது மற்றப் பக்கம். இரண்டும் நியாயமான பயம்தான். ஆனால், "உங்களுக்கு எங்க இருக்க விருப்பம்?" என்று அவரிட்ட கேட்டவர்கள் குறைவு.

அவர் இல்லத்துக்குப் போக விரும்பினாலும் அதைச் சொல்ல முடியாதபடி வைத்திருப்பதும் நாங்கள்தான். எங்களில் பலருக்கு முதியோர் இல்லம் என்றால் பிறந்தநாளுக்குச் சாப்பாடு குடுத்து, படம் எடுத்து, "பாவம், பிள்ளைகள் கைவிட்டிட்டினம்" என்று பேஸ்புக்கில போடுகிற இடம். அந்தப் படத்தை அம்மம்மாவும் பார்க்கிறா. பேச்சுத்துணையும் நேரத்துக்குச் சாப்பாடும் வேணும் என்று அவவுக்கு மனசுக்குள்ள இருந்தாலும், பிள்ளைகளுக்கு அவமானம் என்று வாயைத் திறக்க மாட்டா.

வீட்டிலேயே இருக்க விரும்பினால் அதற்கும் ஆயத்தம் வேணும். மேல்மாடி கட்டக் காசு வருகிறது. கக்கூசுக்குள்ள ஒரு கைபிடி பூட்ட ஒருவருக்கும் நினைவு வருவதில்லை. கிணற்றடிப் பாசி, இரவில வெளிச்சமில்லாத வளவு, குந்தி எழும்ப ஏலாத மலசலகூடம். வயசானவர்கள் விழுவது இப்படியான இடங்களில்தான். மாதாந்தக் கிளினிக்குக்கு ஓட்டோ பிடிச்சு விட்டால் மட்டும் போதாது, கூட இருக்க ஒரு ஆளும் வேணும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. தங்களைப் பார்த்துக்கொள்ள வசதியில்லாத பெற்றோர் அந்தச் சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையிட்ட முறையிடலாம். சட்டத்தால காசு வாங்கிக் குடுக்க ஏலும். பக்கத்தில இருந்து கதை கேட்க ஏலாது.

வெளிநாட்டில இருக்கிறவர்களைத் திட்டுவதும் எங்களுக்கு லேசு. எங்களில் எத்தனை பேரின்ர மேசையில இப்ப ஐஈஎல்டிஎஸ் புத்தகம் கிடக்குது? நாளைக்கு அந்தக் கமராவைப் பார்க்கப் போவது நாங்களும்தான்.

போக முதல் ஒருக்காக் கேட்பம். எங்க இருக்க விருப்பம், ஆர் பக்கத்தில வேணும், என்னத்துக்குப் பயம். பதில் எங்கட திட்டத்துக்கு ஒத்துவராமலும் இருக்கலாம். எண்டாலும் குறுக்க கதைக்காமல் முழுசாக் கேட்பம்.