மூதின்முல்லைக்குள் அடங்காத பெண்கள்

ஜான்சி ராணிப் படையைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே புறநானூற்றுத் தாயிடம் போய்விடுகிறார்கள். மகனைப் போருக்கு அனுப்பிய மறக்குடிப் பெண்ணின் வாரிசுகளாம் இவர்கள். மூதின்முல்லையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த ஒப்பீடு பொருந்தாது. மூதின்முல்லைப் பெண் போருக்குப் போவதில்லை. தந்தையை, கணவனை, மகனைக் கொடுக்கிறாள். அவள் வீரத்தை ஆணின் உடலில் விழுந்த புண்ணைக்கொண்டு அளக்கிறார்கள். 1943 அக்டோபர் 22 அன்று தொடங்கிய சிங்கப்பூர் பயிற்சி முகாமுக்கு வந்தவர்களில் பலர் மணமாகாத இளம்பெண்கள். கொடுக்க அவர்களுக்கு மகன் ஏது? தங்களையே கொண்டுபோனார்கள்.

யார் இவர்கள் என்று கேட்டால் ‘கேப்டன் லட்சுமி’ என்ற பதிலோடு நம் பட்டியல் நின்றுவிடுகிறது. எனக்கும் அவரைப் பிடிக்கும். சென்னையில் மருத்துவம் படித்தவர். கான்பூரில் முதிய வயதிலும் நோயாளிகளைப் பார்த்தவர். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றவர். அவர் பெயர் நிலைத்ததில் குறையில்லை. ஆனால் அந்தப் படையில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்க் கூலிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டியவர்கள். துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் குனிந்தவர்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன்வரலாறு எழுதாதவளை வரலாறும் எழுதவில்லை. எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில்கூட ஒத்த கருத்தில்லை: ஆயிரம் என்பார் உண்டு, அதில் பாதி என்பாரும் உண்டு. நூற்றுக்கணக்கான பெண்கள் கணக்கில் இப்படி வந்துபோவது வேறு எந்தப் படையின் வரலாற்றில் நடக்கும்?

ஏன் சேர்ந்தார்கள்? நாட்டுப்பற்று என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது சோம்பேறித்தனம். அவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஜப்பானிய ஆட்சியில் அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே சோறாகியிருந்தது. தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டில் மடிந்தார்கள். அந்தப் பாதை வேலை முடிந்ததும் பெண்கள் முகாம் திறந்ததும் ஒரே மாதம், 1943 அக்டோபர். தன் இனத்து ஆண்களைக் கொன்ற அரசு கூட்டாளியாக நிற்க, அந்தப் பெண் துப்பாக்கி ஏந்தினாள். மேடைப் பேச்சு இதைத் தொடுவதே இல்லை. தொடுகிற சிலரோ, அவர்கள் ஜப்பானியரின் கைப்பாவைகள் என்று முடித்துவிடுகிறார்கள். பட்டினிக்கும் பயத்துக்கும் நடுவே, சீருடையும் சோறும், தன்னை ஒரு வீராங்கனையாக மதிக்கும் ஓர் இடமும் கிடைத்தபோது அவள் எடுத்த முடிவுக்கு அவளுக்கென்று காரணம் இருந்திருக்கும் என்று இரு தரப்புக்கும் தோன்றவில்லை.

‘அவர்கள் போர் முனைக்கே போகவில்லையே’ என்ற இளக்காரமும் உண்டு. உண்மைதான், போகவில்லை. 1944இல் பர்மாவின் மேமியோ வரை போனார்கள். இம்பால் படையெடுப்பு தோற்று, காயத்தோடும் காய்ச்சலோடும் திரும்பிய ஆண்களுக்கு மருத்துவமனையில் பணிவிடை செய்தார்கள். முன்னால் அனுப்புவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்தவர்கள் அவர்கள் அல்லர். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுப் பாங்காக் நோக்கி வாரக்கணக்கில் பின்வாங்கினார்கள். பகலில் விமானங்களுக்குப் பதுங்கி, இரவில் நடந்து. முன்பே ரயிலில் அனுப்பப்பட்ட பெண்கள் தாக்கப்பட்டதில் ஜோசபின், ஸ்டெல்லா என்ற இருவர் இறந்தார்கள். நான் கேட்ட எந்த மேடையிலும் இந்த இரு பெயர்களும் ஒலித்ததில்லை. வீரத்தமிழச்சி என்ற சட்டத்துக்குள் பொருந்தாத பெயர்கள் போலும்.

திரும்பி வந்தவர்களில் படித்தவர்களின் தடம் தெரிகிறது. ஜானகி தேவர் மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கத்தில் பங்கேற்றார். ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைக் கட்டி, ஆணுக்கு நிகரான ஊதியம் கேட்டுப் போராடினார். பிரென் துப்பாக்கியைக் கழற்றி மாட்டப் பழகிய தோட்டத்துப் பெண்களோ லயத்துக்குத் திரும்பினார்கள். வெள்ளைத் துரைகளும் திரும்பி வந்திருந்தார்கள். மறுநாள் விடியலில் அவள் கையில் மறுபடி உளியும் வாளியும்.